கொடைக்கானலில் விற்கும் பழங்காசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழங்காசு சேர்க்கிற ஆள் என்று ஊருக்குள் பெயர் ஆகிவிட்டதால், சீசன் தொடங்கினாலே என் வாட்ஸ்அப்பில் காசுப் படங்கள்தான். ஏரிக்கரையில் வாங்கியது, தூண் பாறை போகிற வழியில் வாங்கியது, பழநி அடிவாரத்தில் வாங்கியது என்று வரிசையாக வரும். கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனியாகத் தட்டிக் கை ஓய்ந்துபோனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மலையில விக்கிற பழைய காசு எல்லாமே டூப்ளிகேட்டா சார்?

எல்லாமே இல்லை. சிக்கலே அதுதான். துணி விரித்துக் கொட்டிய குவியலில் தேய்ந்துபோன ஜார்ஜ் மன்னர் காலணா, நயா பைசா, டச்சுக்காரர்களின் சின்னச் செப்புக் காசு என்று அசலும் கிடக்கும். அவை நமக்கு நம்பிக்கை வரவைப்பதற்காக. நாம் ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்து “பழசுதான் போல” என்று முடிவு செய்ததும், மடித்த காகிதத்திலிருந்து ‘ஸ்பெஷல்’ வெளியே வரும்.

விற்பனைக்கு வருபவற்றில் சில அசல், ஆனால் மலிவானவை. சில, உண்மையாகவே இருந்த ஒரு காசின் நகல். மிச்சம், எந்த ராஜாவும் எந்தக் காலத்திலும் அடிக்காத கற்பனைக் காசு. சுற்றுலா ஊர்களில் அதிகம் ஓடுவது இந்தக் கடைசி வகைதான். நகலை நகல் என்று சொல்லி ஐம்பது ரூபாய்க்கு விற்பவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவரும் பிழைக்க வேண்டும், வாங்குபவருக்கும் மேசையில் வைக்க ஒரு பொருள் ஆயிற்று.

200 வருஷப் பழசுன்னா விலை அதிகமாத்தானே இருக்கும்?

இல்லை. இந்த நினைப்புதான் விற்பவருடைய மூலதனம். காசின் விலை அதன் வயதைப் பொறுத்தது இல்லை. எத்தனை மிச்சம் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஓர் உதாரணம். சென்னை ராஜதானிக்காக (அன்றைய சென்னை மாகாணம்) கிழக்கிந்தியக் கம்பெனி 1808 என்று ஆண்டு போட்டு இங்கிலாந்தில் அச்சடித்த பத்துக் காசு, இருபதுக் காசு செப்பு நாணயங்களை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரைக்குப் பக்கத்திலேயே, குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அதிலிருந்து நாணயங்களைக் குவியல் குவியலாக எடுத்தார்கள். அதனால் 200 வயது தாண்டிய, எழுத்து தேயாத அசல் காசு இன்று உலகச் சந்தையில் சாதாரண விலைக்குக் கிடைக்கிறது. மாறாக, 1939 பம்பாய் வெள்ளி ரூபாய்க்கு வயது நூறுகூட இல்லை. அது அரிது, விலையும் பெரிது.

ராமர், சீதை, அனுமார் போட்ட ஈஸ்ட் இந்தியா கம்பெனி காசு, 1818ன்னு இருக்கு. இது ஒரிஜினலா?

இல்லை. எனக்கு வரும் படங்களில் பாதி இதுதான். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமார் அல்லது ஓம் அல்லது தாமரை. மறுபக்கம் இங்கிலீஷில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒரு அணா அல்லது அரை அணா. ஆண்டு 1616, 1717, 1818, 1839 என்று ஏதோ ஒன்று. இப்படி ஒரு காசைக் கம்பெனி வெளியிட்டதே கிடையாது. ஒரு அணாவுக்குக் கம்பெனி செப்புக் காசே அடிக்கவில்லை. ஒரு அணா நாணயம் எட்வர்ட் மன்னர் காலத்தில்தான், அதுவும் வெள்ளை உலோகத்தில், விளிம்பு நெளிநெளியாக வந்தது.

அசல் கம்பெனிக் காசு எப்படி இருக்கும்? சென்னைக்காக 1803, 1808 ஆண்டுகளில் பர்மிங்காம் சோஹோ ஆலையில் அடித்த செப்புக் காசுகளில் கம்பெனியின் சின்னம் இருக்கும். 1835-இல்தான் எல்லா ராஜதானிக்கும் ஒரே மாதிரி ரூபாய் வந்தது, நான்காம் வில்லியம் மன்னரின் தலையோடு.

இதற்காக, கம்பெனி சாமி உருவமே போட்டதில்லை என்றும் அடித்துச் சொல்லிவிடக் கூடாது. சென்னையில் அவர்கள் வெளியிட்ட வராகன் என்ற தங்கக் காசுகளில் பெருமாள் உண்டு, இரு தேவியரோடு நிற்கும் ‘மூன்று சாமி வராகன்’ உண்டு. அரை வராகன் வெள்ளிக் காசு ஒன்றில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள், சுற்றித் தமிழும் தெலுங்கும். ஆனால் அவை தங்கமும் வெள்ளியும். உள்ளங்கை அளவுப் பித்தளை வட்டத்தில் அனுமார் சஞ்சீவி மலை தூக்கினால் அது கோயில் வாசல் டாலர் வகை. பூஜையில் வைத்துக் கும்பிடுவதில் தவறில்லை. கொடுக்கிற விலைதான் பித்தளை விலையாக இருக்க வேண்டும்.

கருவி எதுவும் இல்லாம, வெறும் கண்ணால பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலான மலிவுப் போலிகளைக் கண்டுபிடித்துவிடலாம். முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். அசல் காசுகளில் பெரும்பாலானவை உலோகத் தகட்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடித்தவை. போலிகளில் பெரும்பாலானவை அச்சில் உருக்கி ஊற்றியவை. ஊற்றிய காசில் இரண்டு பாதி சேரும் இடத்தில், விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். கோட்டை அரத்தால் ராவி மறைத்திருந்தால் ராவிய கீறல்கள் தெரியும். அசல் வெள்ளி ரூபாயின் விளிம்பில் வரிகள் ஒரே சீராக இருக்கும். போலியில் அவை மழுங்கி, சில இடத்தில் காணாமலே போகும்.

அடுத்து பரப்பு. ஊற்றியதில் ஊசிமுனை அளவுக்குக் குழிகள் இருக்கும், காற்றுக் குமிழி விட்டுப்போன தடம். எழுத்தின் ஓரங்கள் கரைந்த சோப்பு மாதிரி வழவழப்பாக இருக்கும். அசல் காசு தேய்ந்திருந்தாலும் மேடான இடங்கள்தான் முதலில் தேயும். மூக்கும் கன்னமும் போயிருக்கும், பள்ளத்தில் எழுத்து கூர்மையாகவே நிற்கும். பள்ளமும் மேடும் ஒரே அளவு மழுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு எளிய வழி: “இதே மாதிரி இன்னொன்று இருக்கா அண்ணே?” என்று கேளுங்கள். எடுத்துக் கொடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல், ஒரே வெட்டு இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பின் பிள்ளைகள். இரண்டு காசு இரண்டு நூற்றாண்டு தனித்தனியாகப் புழங்கி ஒரே இடத்தில் அடிபடாது.

எடை பார்க்கச் சொல்றீங்க. எந்தக் காசு எவ்வளவு இருக்கணும்?

தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய முதல் எண் 11.66 கிராம். 1835 முதல் 1939 வரையிலான வெள்ளி ரூபாயின் எடை அது; நூற்றுக்கு சுமார் 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை எடை அதேதான், வெள்ளி மட்டும் பாதியாகக் குறைந்தது. தினாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ராஜராஜன் செப்புக்காசும் ஏறக்குறைய அதே எடைதான். வீரராயன் பணம் என்ற தங்கப் பொடிக்காசு அரை கிராம்கூட வராது. புழக்கத்தில் எடை குறையுமே தவிர ஏறாது. 11 கிராம் காட்டும் ரூபாய் மிகவும் தேய்ந்த அசலாக இருக்கலாம். 13 கிராம் காட்டினால் பேச்சே இல்லை.

சட்டைப்பைக்குள் அடங்கும் டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்தான். அதைக் கொண்டே இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்க விடுங்கள். தராசு இப்போது காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 1939 வரையிலான அசல் வெள்ளி ரூபாய்க்கு 1.13 கிராம் அளவில் காட்டும், அதாவது அடர்த்தி 10.3. ஜெர்மன் சில்வரில் (வெள்ளி போலத் தெரியும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) அதே எடைக்குச் செய்தால் 1.3-ஐத் தாண்டும். பொடிக்காசுக்கு இந்த முறை சரிவராது, வீட்டுத் தராசுக்கு அவ்வளவு நுட்பம் போதாது.

காந்தம் வச்சுப் பார்த்தேன், ஒட்டலை. அப்போ அசல்தானே?

ஒட்டாததால் இரும்பு இல்லை என்று மட்டும் தெரிகிறது. பித்தளை, ஈயம், துத்தநாகம், ஜெர்மன் சில்வர் எதுவுமே ஒட்டாது. போலி செய்பவர்களுக்கும் காந்தம் பற்றித் தெரியும்.

காந்தத்துல ஒட்டுது. அப்போ கண்டிப்பா போலி, இல்லையா?

வெள்ளி, தங்கம், செப்பு என்று சொல்லி விற்றது ஒட்டினால் போலி. ஆனால் ஒரு விலக்கு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெள்ளி கட்டுப்படியாகாமல் அரசு நிக்கலுக்கு மாறியது. ஆறாம் ஜார்ஜ் தலையும் பின்புறம் புலியும் உள்ள 1947 ரூபாய் சுத்த நிக்கல். காந்தத்தில் பச்சக் என்று ஒட்டும், அசல்தான். இதைப் போலி என்று நினைத்துக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பச்சைக் களிம்பு கெட்டியா ஏறியிருக்கு. மண்ணுக்குள்ள ரொம்ப நாள் இருந்தாத்தானே அப்படி வரும்?

உப்பும் புளிப்பும் அமோனியாவும் இருந்தால் சில வாரங்களிலேயே பச்சை ஏற்றிவிடலாம். சாணத்தில் புதைப்பதும் உண்டு, பெயின்ட் அடித்து மேலே மண் அப்புவதும் உண்டு. இயற்கையாக வந்த களிம்பு உலோகத்தோடு ஒன்றிப்போயிருக்கும். பச்சைக்கு அடியில் பெரும்பாலும் செம்பழுப்பான ஓர் அடுக்கு இருக்கும். ஏற்றிய களிம்பு எழுத்துப் பள்ளங்களில் தூளாக அடைந்து நிற்கும், நகம் பட்டால் உதிரும், அடியில் பளபளவென்று புதுச் செம்பு தெரியும்.

நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். பெயின்ட், பாலிஷ் வகையறா பஞ்சில் வந்துவிடும். உண்மையான களிம்புக்கு ஒன்றும் ஆகாது. வேதிப்பொருளால் ஏற்றிய பச்சையை இது காட்டிக்கொடுக்காது, அதற்கு லென்ஸும் பழகிய கண்ணும் வேண்டும்.

தாண்டிக்குடி பக்கம் கற்திட்டையில தோண்டும்போது கிடைச்சதுன்னு சொல்லி குடுத்தார். அந்தக் கதை நிஜமா இருக்குமா?

பழநி மலையில் கற்திட்டைகள், அதாவது இறந்தவர்களுக்காகப் பழங்காலத்தில் கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய ஈமச்சின்னங்கள், இருப்பது நிஜம். தாண்டிக்குடி, பெருமாள்மலை, பேத்துப்பாறைப் பக்கம் நிறைய உண்டு. கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர் பாதிரிமார்கள் ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பே அவற்றை ஆராய்ந்து எழுதினார்கள். தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் முறையாக அகழாய்வும் செய்தார்கள். இதெல்லாம் செய்தித்தாளில் வந்ததால் விற்பவருக்கும் தெரியும். கதையில் பாதி உண்மையைக் கலந்தால் மீதியும் விலைபோகும். ஆனால் இந்த மாதிரி ஈமச்சின்னங்களில் கிடைப்பது பெரும்பாலும் பானைகள், இரும்புப் பொருட்கள், மணிகள். காசு அபூர்வம். துணி விரித்துக் கொட்டும் அளவுக்கு அங்கே கிடைக்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். 1878-இன் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் சிறைத்தண்டனை வரை போகலாம். ஆக, அவர் சொன்ன கதை பொய்யென்றால் காசு போலி. மெய்யென்றால் நீங்கள் வாங்கியது அரசுக்குத் தெரியாமல் மறைத்த புதையல். எனக்கு இரண்டாவதுதான் அதிகப் பயம்.

ரோமன் காசு தமிழ்நாட்டுல நிறைய கிடைச்சிருக்குன்னு ஸ்கூல்லயே படிச்சோமே. அப்போ நான் வாங்கினது ஏன் அசலா இருக்கக் கூடாது?

நிறையக் கிடைத்திருப்பது உண்மை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்கு வந்த வணிகப் பாதையில் கோவை வெள்ளலூர், கரூர் என்று புதையல் புதையலாக வந்திருக்கிறது. நம் மலையில் பிறக்கும் சண்முகநதி போய்ச் சேரும் அமராவதியின் மணலில் கரூர்ப் பக்கம் சேரர் காசும் ரோமன் காசும் பொறுக்கியிருக்கிறார்கள். அந்த வெள்ளிக் காசுகளில் மிகுதி அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டு பேரரசர்களுடையவை. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டின் சின்ன ரோமானியச் செப்புக் காசுகளும் மதுரை, கரூர் வட்டாரத்தில் கிடைத்துள்ளன. அவை பெரும்பாலும் முகமே தெரியாத அளவுக்குத் தேய்ந்தவை.

ஏரிக்கரையில் ‘ரோமன்’ என்று விற்பது பெரும்பாலும் வேறு ரகம். ஆந்தை போட்ட ஏதென்ஸ் காசு, சிங்கத்தோல் போர்த்திய அலெக்சாண்டர் காசு. படத்தில் அழகாக இருக்கும், அதனால் உலகம் முழுக்க நகலெடுக்கிறார்கள். அதற்கும் ரோமுக்கும் சம்பந்தமில்லை, பழநி மலைக்கும் சம்பந்தமில்லை.

கொஞ்சம் விஷயம் தெரிந்த விற்பனையாளர் அரசரின் தலையில் ஒரு வெட்டுக் குறியையும் காட்டுவார். 1898-இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அப்படி ஒரு வெட்டு உண்டு. மறுபடி காசாகப் புழங்காமல் இருக்க இங்கேயே வெட்டினார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆனால் உளியும் சுத்தியலும் இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. வெட்டை நம்பாதீர்கள், எடையையும் அடர்த்தியையும் நம்புங்கள். ரோமானியப் பொற்காசு 7 கிராமுக்கு மேல் இருக்கும், நல்ல தங்கம், 8.5 அடர்த்தி காட்டினால் பித்தளை.

ராஜராஜ சோழன் காசு, 5000 சொல்லி 1500க்கு முடிச்சேன். லாபம்தானே?

அசலாகவே இருந்தாலும் நஷ்டம்தான். ராஜராஜன் செப்புக்காசு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்தது. சுமாரான நிலையில் உள்ளது சில நூறு ரூபாய்க்குள் சேகரிப்பாளர்களிடம் கிடைக்கும். அதில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், கைக்கு அருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. ஆம், நாகரியில். போலி செய்பவர் நம் தமிழுணர்வுக்கு மரியாதை கொடுத்து இன்றைய தமிழ் எழுத்தில் ‘ராஜராஜ சோழன்’ என்று பொறித்துவிடுவார். புலிக்கொடி, பெரிய கோயில் கோபுரம் எல்லாம் சேர்த்துப் போட்டதுகூட எனக்கு வந்திருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய காசில் அரசர் உருவம் குச்சிக் கோடுகளாக, கொஞ்சம் கோணலாக இருப்பதுதான் இயல்பு.

திண்டுக்கல் கோட்டையில கிடைச்ச திப்பு சுல்தான் யானைக் காசுன்னு ஒண்ணு வச்சிருக்கேன்...

திண்டுக்கல் கோட்டை ஹைதர், திப்பு கையில் இருந்தது, அதுவரை சரி. திப்புவின் செப்புக் காசில் ஒரு பக்கம் யானை. மறுபக்கம் பாரசீக எழுத்தில் அச்சடித்த ஊரின் பெயர். அவர் பெயர் இருக்காது. எனவே ‘திப்பு சுல்தான்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தால் அத்தோடு முடிந்தது. ஆண்டைச் சரிபார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பிற்காலக் காசுகளில் அவர் புகுத்திய புது ஆண்டுக் கணக்கு வரும், எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். விலை விஷயத்தில் ராஜராஜனுக்குச் சொன்னதே இதற்கும்: யானை தெளிவாக இருந்தால் கொஞ்சம் கூடும், தேய்ந்திருந்தால் மலிவு.

பளியர் ராஜா காலத்துக் காசுன்னு ஒரு பெரியவர் காட்டினாரே?

பளியர்கள் இந்த மலையின் பழங்குடிகள். அவர்களுக்கு நாணயச் சாலையும் இல்லை, காசு அடித்த ராஜாவும் இல்லை. ஊட்டிப் பக்கம் ‘தோடர் காசு’ என்று விற்பதும் இதே கதைதான்.

வார்ப்புன்னா போலின்னு மேல சொல்லியிருக்கீங்க. நடுவுல சதுர ஓட்டை உள்ள சீனக் காசு வார்ப்புதானே?

நல்ல கேள்வி. சீனாவில் பல நூற்றாண்டுகள் காசை அச்சில் ஊற்றித்தான் செய்தார்கள். சோழர் காலக் கடல் வணிகத்தில் வந்த சீனக் காசுகள் தஞ்சாவூர் வட்டாரத்தில் குவியலாகவே கிடைத்திருக்கின்றன. அதனால் விளிம்புக் கோடு பற்றிச் சொன்னதை இதற்கு அப்படியே பொருத்தாதீர்கள். ஆனால் சுற்றுலாக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வாஸ்துவுக்கும் ஃபெங்சுயிக்கும் சிவப்புக் கயிற்றில் கோத்து விற்கும் புதுப் பித்தளை. எல்லாக் காசும் ஒரே நிறம், ஒரே கனம் என்று இருந்தால் அதுதான்.

சங்ககாலச் சேரர், பாண்டியர் காசை எப்படிச் சோதிக்கிறது?

இதில் மட்டும் நீங்களாக இறங்காதீர்கள். மாக்கோதை, குட்டுவன் கோதை, பெருவழுதி என்று தமிழ் பிராமி எழுத்துள்ள காசுகளை முனைவர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் படித்து வெளியிட்ட பிறகு அவற்றுக்குப் பெரிய தேவை வந்துவிட்டது. தேவை வந்தால் கைதேர்ந்த போலியும் வரும். பழைய, எழுத்தழிந்த அசல் செப்புத் தகட்டின் மேலேயே புது அச்சால் அடிக்கிறார்கள். உலோகம் பழசு, எடை சரி, வார்ப்புக் கோடு இல்லை. மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். எழுத்தின் வடிவமும் அச்சின் அடையாளமும் தெரிந்தவர்தான் பிடிக்க முடியும். தெருவோரத்தில் இதை நீட்டினால், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

நகைக்கடையில கேரட் மீட்டர்ல வச்சுப் பார்த்தோம், சுத்த வெள்ளின்னு வந்துச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?

உலோகம் தெரிந்துவிட்டது, காசு தெரியவில்லை. விக்டோரியா, ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி வட்டங்களைப் பட்டறைகளில் புதிதாக அடித்து, பண்டிகைக்கு வாங்குபவர்களுக்காக விற்பது வடக்கே சாதாரணம். அதைக் கொஞ்சம் கறுக்க வைத்தால் ‘பழசு’. இன்னும் ஒரு துப்பு: பழைய ரூபாய் 91.7 சதவீதம்தான், மீட்டர் 99 காட்டினால் அது பழைய ரூபாய் இல்லை. தரம் கூடியிருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கூடவே சர்டிபிகேட்டும் குடுத்தாங்க, சீல் எல்லாம் இருக்கு.

காசையே செய்தவருக்குக் காகிதம் அச்சடிப்பது பெரிய வேலையா? தொல்லியல் துறையோ அருங்காட்சியகமோ கடைக்காரர் கையில் கொடுத்து விற்பதற்கென்று நாணயச் சான்றிதழ் எழுதிக்கொடுப்பதில்லை.

அரிசியை இழுக்கிற காசு ஒண்ணு இருக்காம், கோடிக்கணக்குல போகுமாம். டெமோ வீடியோ அனுப்பினாங்க.

ஓடிவிடுங்கள். ரைஸ் புல்லிங், இரிடியம் கலசம், இடி விழுந்த செம்பு எல்லாம் ஒரே குடும்பம். எந்தச் செப்புக் காசும் அரிசியை இழுக்காது. அரிசிக்குள் இரும்புத் தூள் கலந்து அடியில் காந்தம் வைப்பது பழைய வித்தை. இவர்கள் நோக்கம் காசை விற்பதுகூட இல்லை. ‘டெஸ்டிங் சார்ஜ்’, ‘விஞ்ஞானி வர விமானச் செலவு’ என்று முன்பணம் கறப்பதுதான். கொடைக்கானல் காட்டேஜ்களில் வைத்து இந்தப் பேரம் பேசிப் பணத்தையும் மன நிம்மதியையும் விட்டவர்கள் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

வாங்கிட்டேன், போலின்னு தெரிஞ்சுபோச்சு. பணம் திரும்பக் கிடைக்குமா?

அன்றைக்கே தெரிந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள், இரண்டு பேராகப் போங்கள். சீசன் நேரத்தில் கூட்டத்துக்கு நடுவே சத்தம் வருவதை எந்த வியாபாரியும் விரும்ப மாட்டார். நயமாகப் பேசினாலே பாதிப் பணமாவது வரும். தொகை பெரிதென்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். புழக்கத்தில் இல்லாத பழங்காசின் போலி என்பதால் இது கள்ள நாணய வழக்கு ஆகாது, ஏமாற்று வழக்குதான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு. ஜிபேயில் அனுப்பிய விவரம், அவர் ‘ஒரிஜினல்’ என்று சொன்ன மெசேஜ் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். 200 ரூபாய்க்கு வாங்கியது என்றால் விட்டுத் தள்ளுங்கள்.

அமெரிக்காவுல இருக்கிற மச்சானுக்கு அசல் காசு ஒண்ணு வாங்கிக் குடுக்கலாமா? கொண்டு போக விடுவாங்களா?

நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-இன் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. தொல்பொருள் வியாபாரம் செய்யவே உரிமம் வேண்டும், துணி விரித்து விற்பவரிடம் அது இருக்கப் போவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், போலியைக் கொண்டு போனாலும் விமான நிலையத்தில் சிக்கல் வரலாம். சுங்க அதிகாரிக்குப் பார்வையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கும் வழி இருக்கிறது. மச்சானுக்கு ஹோம்மேட் சாக்லேட் வாங்கிக் கொடுங்கள்.

பாட்டி பெட்டியில 1911 ரூபா இருக்கு. ஆன்லைன்ல பத்து லட்சம்னு போட்டிருக்கான், ரிஜிஸ்டர் பண்ணப் பணம் கேக்குறான்.

1911 ரூபாய்க்கு ஒரு சுவையான கதை உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் இருந்த யானைச் சின்னம் பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்ப, வெளியே போனது போக மீதியை உருக்கிவிட்டு, அடுத்த ஆண்டு யானையின் தும்பிக்கையைத் திருத்தி அடித்தார்கள். ‘பன்றி ரூபாய்’ என்றே பெயர். சாதாரண வெள்ளி ரூபாயைவிடக் கூடுதல் விலை போகும், ஆனால் பத்து லட்சம் எல்லாம் இல்லை. முன்பணம் கேட்டாலே மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கமிஷன், வரி என்று வசூலிப்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அதைப் புளி போட்டுத் தேய்ச்சு பளபளன்னு ஆக்கி வைக்கட்டுமா?

வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்தால் மேல் தோலே போய்விடும், சேகரிப்பவர் தொட மாட்டார். அழுக்கு அதிகம் என்றால் வெறும் தண்ணீரில் அலசி, துடைக்காமல் ஒற்றி எடுங்கள். பிளாஸ்டிக் பையில் போடாமல் காகித உறையில் வையுங்கள். மலை ஈரத்துக்கு அதுதான் நல்லது.

சரி, நம்பிக் காட்டுறதுக்கு யார்தான் இருக்காங்க?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவே இருக்கிறது. பழநி, கோவை, ஊட்டியிலும் அரசு அருங்காட்சியகங்கள் உண்டு. என்ன காசு, எந்தக் காலம் என்று கேட்கலாம். சந்தை விலை சொல்வது அவர்கள் வேலை இல்லை. விலை தெரிய வேண்டுமென்றால் நாணயக் கண்காட்சிகளுக்கு வரும் சேகரிப்பாளர்களில் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். வாங்குகிறேன் என்று சொல்பவர் சொல்லும் விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எனக்கு அனுப்புகிறவர்கள் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியும்படி, ஃபிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து அனுப்புங்கள். எடையையும் எழுதுங்கள். எடை இல்லாமல் வரும் படத்துக்கு நான் முதலில் கேட்கப்போவது எடையைத்தான்.